எலி எந்தப் பால்? மூளை இரத்த ஓட்ட ஆய்வுகளை மொழிவழி வாசித்தல்

மூளைக்குள் ஓடும் இரத்தத்தை விலங்குகளில் அளந்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், ‘முறைகள்’ என்ற பகுதியில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தொடக்கத்தில் ஒன்று: இன்ன இனத்தைச் சேர்ந்த, இத்தனை கிராம் எடையுள்ள, வளர்ந்த ஆண் எலிகள் பயன்படுத்தப்பட்டன. முடிவில் ஒன்று: அளவீட்டுக்குப் பின் விலங்குகள் பலியிடப்பட்டன. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒளிரும் மூளைப் படம் உருவாகிறது. செய்தித்தாளும் பாடநூலும் அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. வாக்கியங்கள் இரண்டும் ஆய்விதழிலேயே தங்கிவிடுகின்றன.

தமிழ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதான். அதற்கும் சொல்தேர்வு உண்டு, மரபு உண்டு, மறைப்பு உண்டு. கவிதையில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் பேசவில்லை என்று கேட்கப் பழகிய நாம் மருத்துவப் பிரதியின் முன்னால் மட்டும் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்? நம் தாய்மாரின் பக்கவாதத்துக்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்ற முடிவுகளின் அடியில் இப்படிப்பட்ட பிரதிகள் கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு.

ஓடுவதை நிறுத்தி அளத்தல்

முதலில் அளவீட்டின் கதை. மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இரத்தம் சில நிமிடங்கள் நின்றாலே திசு சாகத் தொடங்கும். அதனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பது மருத்துவத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று.

1940களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் ஒரு வழி கண்டார்கள். ஒருவரை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்க வைத்து, மூளைக்குள் போகும் இரத்தத்திலும் மூளையிலிருந்து வெளிவரும் இரத்தத்திலும் அந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். 1948இல் வெளியான கட்டுரையில் அவர்கள் தந்த எண் புகழ்பெற்றது: 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மி.லி. ‘இயல்பான’ அளவு என்று பாடநூல்களில் நிலைத்துவிட்ட எண் இது. உடல்நலமுள்ள இளம் ஆண்களிடம் எடுக்கப்பட்டது. ‘இயல்பு’ என்ற சொல் யார் உடலிலிருந்து பிறந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

அந்த எண் மூளை முழுவதற்குமான சராசரி. எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வந்தது கதிரியக்கம். 1955இல் கெட்டியும் லூயிஸ் சோகோலாஃபும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் கதிரியக்க அயோடின் சேர்ந்த ஒரு வாயுவைப் பூனைகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள். இரத்தம் மிகுதியாகப் பாயும் இடத்தில் அந்தப் பொருள் மிகுதியாகச் சேரும். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அது எங்கும் கலந்து, வேறுபாடு அழிந்துவிடும். ஆகவே குறித்த கணத்தில் உயிரை நிறுத்தி, மூளையை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, படச்சுருளின் மேல் வைத்தார்கள். கதிர் பட்ட இடம் கறுத்தது. கறுப்பின் அடர்த்தியை அளந்து, தமனி இரத்தத்தின் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் எழுதினார்கள். ஆட்டோரேடியோகிராஃபி என்பது இதுதான். 1978இல் கார்பன்-14 சேர்த்த ஐயோடோஆன்டிபைரின் என்ற பொருளைக் கொண்டு இதே முறை எலிகளுக்கு ஏற்றபடி செம்மையானது. நெடுங்காலம் மற்ற முறைகளைச் சரிபார்க்கும் உரைகல்லாகவும் இருந்தது.

ஓடிக்கொண்டிருப்பதை அளக்க அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஓர் எலிக்கு ஒரே ஒரு கணம். அந்த எலியின் மறுநாள் அளவு என்று ஒன்று இருக்க முடியாது.

பின்னர் வந்த கருவிகள் இதை மாற்றின. டெக்னீசியம்-99எம் என்ற ஐசோடோப்பின் அரை ஆயுள் 6 மணி நேரம். எச்எம்பிஏஓ என்ற சேர்மத்தோடு இணைத்துச் செலுத்தினால், அது முதல் சில நிமிடங்களுக்குள் மூளையில் புகுந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஊசி போட்ட கணத்தின் இரத்த ஓட்டத்தைப் பிறகு ஸ்பெக்ட் கருவியில் ஆற அமரப் படமெடுக்கலாம். பெட் ஸ்கேனில் பயன்படும் ஆக்சிஜன்-15இன் அரை ஆயுளோ சுமார் 2 நிமிடம்தான். அதனால் அடுத்தடுத்துப் பலமுறை அளக்கலாம். ஆனால் அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். எலியின் மூளை சுமார் 2 கிராம். மனிதருக்காகக் கட்டிய கருவியில் அது ஒரு மங்கலான புள்ளியாகத்தான் தெரியும். 1997இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சைமன் செர்ரியின் குழு சிறு விலங்குகளுக்கென்றே ‘மைக்ரோபெட்’ கருவியை உருவாக்கியதை அறிவித்தது. ஒரே எலியை இன்றும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் பார்க்க வழி பிறந்தது. கொல்லப்படும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் அது உதவியது. இந்த நன்மையை மறைத்துவிட்டு வாசித்தால் நம் வாசிப்பு நேர்மையாக இருக்காது.

ஆறில் ஒன்று குறைகிறது

இனி மொழிக்கு வருவோம். ஒரு வினை என்றால் செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள் ஆகிய ஆறும் அதற்குள் அடங்கும் என்கிறது நன்னூல். இளங்கலை மாணவி முதலாண்டிலேயே படிக்கும் பாடம் இது. அந்த அளவுகோலை ‘முறைகள்’ பகுதியின் மீது வைத்துப் பாருங்கள். கருவி வருகிறது: கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரோடு வருகிறது. இடம் வருகிறது: அறையின் வெப்பநிலைகூட வருகிறது. செயல் வருகிறது. காலம் நொடிக்கணக்கில் வருகிறது. செய்யப்படும் பொருள், அதாவது விலங்கு, எடையோடு வருகிறது. ஆறில் ஐந்து வந்துவிட்டன. செய்பவர் மட்டும் வரவில்லை. பயன்படுத்தப்பட்டன, பொருத்தப்பட்டது, செலுத்தப்பட்டது, துண்டிக்கப்பட்டது. செயப்பாட்டுவினையில் ‘ஆய்வாளரால்’ என்று ஒரு மூன்றாம் வேற்றுமையாவது நிற்கலாம். அதுவும் இல்லை. கைகள் இல்லாமல் கத்தி மட்டும் வேலை செய்கிறது.

அறிவியலுக்குப் புறவயத்தன்மை வேண்டும், அதனால்தான் இந்த நடை என்பார்கள். யார் செய்தாலும் இதே முடிவு வர வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல இலட்சியம்தான். ஆனால் யார் செய்தாலும் ஒன்றே என்பதைச் சோதித்து நிறுவுவது வேறு, செய்தவரை வாக்கியத்திலிருந்து நீக்கி அப்படித் தோன்றவைப்பது வேறு. டோனா ஹாராவே 1988இல் எழுதிய ‘நிலைசார்ந்த அறிவுகள்’ என்ற கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் பெண்ணிய விவாதத்தின் நடுவில் வைத்தது. எங்கிருந்தும் பார்க்காத பார்வை என்று ஒன்று கிடையாது. எங்கிருந்து பார்க்கிறோம் என்று சொல்லும் பார்வைதான் பொறுப்பேற்கக்கூடிய பார்வை.

கடைசி வாக்கியத்தின் ‘பலி’யையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘சேக்ரிஃபைஸ்’ என்ற சொல் ஆய்வகங்களில் நெடுநாளாக வழங்கிவருகிறது. சமூகவியலாளர் மைக்கேல் லிஞ்ச் 1988இல் இந்தச் சொல்லை ஆராய்ந்தார். உயிருள்ள, முரண்டு பிடிக்கிற விலங்கு, எண்ணாகவும் படமாகவும் இருக்கிற ‘ஆய்வு விலங்காக’ மாறும் இடம் அது என்றார். நம் ஊரில் பலிக்குச் சாமி உண்டு, பூசாரி உண்டு, பங்கு வாங்கும் ஊர் உண்டு. கிடாவின் மேல் தண்ணீர் தெளித்து அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால்தான் சம்மதம். அந்தச் சம்மதம் பொய்யாகவே இருக்கட்டும். ஒரு சம்மதம் வேண்டும் என்ற கூச்சமாவது அதில் இருக்கிறது. ஆய்வகப் பலியில் சாமியின் பெயரும் இல்லை, வெட்டியவரின் பெயரும் இல்லை. சொல்லின் புனிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்றன்பாலில் மறைந்த பெண்பால்

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் நமக்கு ஒரு கண்ணாடி. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் உண்டு. அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலும்தான். எலி ஓடியது, எலிகள் ஓடின. ஓடியது ஆணா பெண்ணா என்று வினைமுற்று சொல்லாது. ஆனால் அதே தமிழின் தொல்காப்பியம், மரபியல் என்று ஓர் இயலையே ஒதுக்கி, உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்று வரிசைப்படுத்துகிறது. களிறு வேறு, பிடி வேறு. கடுவன் வேறு, மந்தி வேறு. எலியின் இளமைப் பெயர் குட்டி என்றுகூடச் சொல்லியிருக்கிறது. வினைமுற்று மறைத்ததைப் பெயர் காட்டிக்கொடுத்தது.

ஆய்வுக் கட்டுரையில் இது எப்படி நடக்கிறது? முறைகள் பகுதியில் ‘ஆண் எலிகள்’ என்று ஒருமுறை சொல்லப்படும். முடிவுரைக்கு வரும்போது ‘எலி மூளையில்’ என்றாகும். தலைப்பில் ‘மூளையில்’ என்று மட்டுமே நிற்கும். ஆண்பால் மெல்ல மெல்ல உதிர்ந்து பொதுப்பாலாகிவிடும். நமக்குத் தெரியாத வித்தை இல்லை. ‘மனிதன்’ என்று எழுதிவிட்டு அதில் நாமும் அடங்குவோம் என்று சொல்லப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். நன்னூல்கூட ஆறு உறுப்புகளில் முதலாவதைச் ‘செய்பவன்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

எவ்வளவு பெரிய அளவில் இது நடந்தது? அனலீஸ் பியரியும் இர்விங் ஸக்கரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, உயிரியலின் 10 துறைகளின் கட்டுரைகளைப் பாலின நோக்கில் எண்ணிப் பார்த்தது. 8 துறைகளில் ஆண் விலங்குகளின் பக்கம் சாய்வு இருந்தது. மிக மோசமான துறை நரம்பியல். அங்கே ஒற்றைப் பால் விலங்குகளை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகளில், பெண் விலங்கு ஒன்றுக்கு ஆண் விலங்கு 5.5 என்ற விகிதம். மூளையைப் பற்றிய அறிவு பெரும்பாலும் ஆண் மூளையைப் பற்றிய அறிவாக வளர்ந்திருக்கிறது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. பெண் எலிக்கு 4 அல்லது 5 நாள் சினைப்பருவச் சுழற்சி உண்டு. அதனால் ஹார்மோன்கள் ஏறி இறங்கும், தரவு சிதறும், கணக்கு கலங்கும் என்றார்கள். நேரடியாகச் சொன்னால், மாதவிடாய் போன்ற ஒன்று இருப்பதால் அவள் சோதனைக்கு ஆகாதவள். கருவறைக்குள் விடாததற்குச் சொன்ன காரணம், ஆய்வறைக்குள் விடாததற்கும் பயன்பட்டிருக்கிறது. தீட்டு என்ற சொல்லுக்குப் பதிலாக ‘மாறுபாடு’ என்ற சொல் வந்தது, அவ்வளவுதான். ஊர்ப் பலியிலும் கிடாவும் சேவலும்தான் போகின்றன. குட்டி போடும், பால் தரும் என்று பெட்டையை விட்டுவைப்பார்கள். அங்கே காப்பாற்றுகிறார்கள், இங்கே ஒதுக்குகிறார்கள். இரண்டு இடத்திலும் அவளுக்கு அடையாளம் கருப்பைதான்.

அந்தக் காரணம் உண்மையா என்று 2014இல்தான் பெரிய அளவில் சோதித்தார்கள். பிரையன் பிரென்டர்காஸ்டும் சக ஆய்வாளர்களும் சுண்டெலிகள் பற்றிய 293 கட்டுரைகளின் தரவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். சுழற்சியின் எந்த நாள் என்று பார்க்காமலே சோதிக்கப்பட்ட பெண் சுண்டெலிகளின் அளவுகள், ஆண் சுண்டெலிகளின் அளவுகளைவிட அதிகம் சிதறவில்லை. ஆண்களுக்கும் ஹார்மோன் உண்டு. கூண்டில் யார் பெரியவன் என்ற சண்டையில் அதுவும் ஏறி இறங்கும். 2019இல் நரம்பியலாளர் ரெபெக்கா ஷான்ஸ்கி இதே கேள்வியை முன்வைத்து எழுதினார்: ஹார்மோன் என்றாலே பெண்ணின் சிக்கல் என்று ஏன் எண்ணுகிறோம்?

இரத்த ஓட்டத்தில் ஏன் இது முக்கியம்

பிற துறைகளைவிட மூளை இரத்த ஓட்டத்தில் இந்த விடுபடல் கூடுதலாக வலிக்கும். ஈஸ்ட்ரஜன் இரத்தக் குழாய்களின் மீது நேரடியாக வேலை செய்கிறது, அவற்றை விரியச் செய்கிறது. 1998இல் நபில் அல்காயெட், பட்ரீசியா ஹர்ன் குழுவினர் எலிகளின் மூளைத் தமனியைச் சிறிது நேரம் அடைத்து ஆராய்ந்தார்கள். பெண் எலிகளுக்கு ஆண் எலிகளைவிடச் சேதம் குறைவாக இருந்தது. சினைப்பைகளை அகற்றிய பெண் எலிகளுக்கு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதாவது, தரவைக் கலக்கும் என்று ஒதுக்கிய அந்தப் பொருளே ஆராய வேண்டிய பொருளாக இருந்தது.

மனிதரிலும் 1982இலேயே ரூபன் குர், ராக்கேல் குர் குழுவினர் கதிரியக்க ஸெனான்-133ஐச் சுவாசிக்க வைத்து அளந்து, பெண்களின் மூளை இரத்த ஓட்டம் ஆண்களுடையதைவிட அதிகம் என்று கண்டார்கள். 54 என்ற ‘இயல்பு’ எல்லோருக்குமான இயல்பாக இருக்க முடியாது என்பதற்கு அப்போதே சான்று இருந்தது.

விளைவைப் பாருங்கள். பக்கவாதத்தின்போது மூளைத் திசுவைக் காக்கும் என்று ஆய்வகங்களில் முயன்று பார்த்த வழிகளை 2006இல் ஒரு மீளாய்வு எண்ணியது. 1026 வழிகள். அவற்றில் 114 மனிதரிடம் சோதிக்கப்பட்டன. எலியைக் காப்பாற்றியவை மனிதரைக் காப்பாற்றவில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. மருந்து கொடுத்த நேரம் ஒன்று, சோதனைகளின் தரம் ஒன்று. ஆனால் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, சோதனைக்கு எடுத்த உடல் எது என்பது. அது பெரும்பாலும் இளம், நோயற்ற, ஆண் எலி. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவரோ பெரும்பாலும் வயதானவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர். பலரும் மாதவிடாய் நின்ற பெண்கள். பக்கவாத ஆய்வாளர்களின் கூட்டுக்குழு 2009இல் தன் பரிந்துரைகளைப் புதுப்பித்தபோது, முதிய விலங்குகளிலும் நோயுள்ள விலங்குகளிலும் ஆண், பெண் இரண்டிலும் சோதிக்க வேண்டும் என்று எழுதியது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், பாலினத்தை ஓர் உயிரியல் காரணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கொள்கையை 2016 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கெட்டியின் எண் வெளியாகி 68 ஆண்டுகளுக்குப் பிறகு!

அறையில் யார் இருந்தார்

பாலுக்கு அடுத்து விடுபடுவது சூழல். எலியை அசையாமல் வைக்க மயக்க மருந்து கொடுக்கிறார்கள். ஐசோஃபுளூரேன் என்ற பரவலான மயக்க வாயு மூளையின் இரத்தக் குழாய்களையே விரியச் செய்யும். எதை அளக்க வந்தோமோ அதையே மருந்து மாற்றிவிடுகிறது. 1955ஆம் ஆண்டின் பூனை ஆய்விலேயே விழித்திருந்த பூனைக்கும் மயங்கிய பூனைக்கும் அளவுகள் வேறுபட்டன. சரி, மயக்காமல் அளக்கலாம் என்றால், விழித்திருக்கும் எலியின் பின்னுடலை மாவுக்கட்டுக்குள் இறுக்கி வைத்தார்கள். கட்டுண்ட உடலின் அச்சம் இரத்த ஓட்டத்தில் சேராதா? 2011இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் குழு, எலி தலையில் சுமந்துகொண்டு நடமாடக்கூடிய ஒரு சிறிய பெட் கருவியை வெளியிட்டது. அசையாத உடல்தான் நல்ல உடல் என்ற கட்டாயத்திலிருந்து விலகிய முயற்சி என்ற வகையில் அது முக்கியமானது.

இன்னொன்று, கேட்டவுடன் சிரிப்பு வரும். 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆய்வறையில் ஆண் ஒருவர் இருந்தால், அல்லது ஆண் அணிந்த சட்டை கிடந்தாலே, எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் ஏறுகிறது, அதனால் வலியைக் காட்டுவது குறைகிறது. பெண்கள் இருந்தால் அப்படி நடக்கவில்லை. வாக்கியத்திலிருந்து நீக்கப்பட்ட எழுவாயை எலி மோப்பம் பிடித்துவிட்டது. ‘செய்தவர் யார் என்பது தேவையில்லை’ என்ற இலக்கணம், எலியின் உடலில் செல்லுபடியாகவில்லை.

பழுப்பு நாயும் பெண்களும்

இந்த வரலாற்றில் பெண்கள் வெளியே நின்று இரக்கப்பட்டவர்கள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். இரத்தக் குழாய் தன்னுள் ஏறும் அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்ளும் இயல்பை 1902இல் விளக்கியவர் லண்டனின் வில்லியம் பேலிஸ். மூளை தன் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்வதைப் பேசும் இடங்களில் இன்றும் ‘பேலிஸ் விளைவு’ வரும். அடுத்த ஆண்டு, 1903இல், அவர் மாணவர்கள் முன் ஒரு பழுப்பு நாயை அறுத்துக்காட்டிய வகுப்பில் ஸ்வீடனைச் சேர்ந்த லிஸி லிண்ட் அஃப் ஹாகெபியும் லெய்சா ஷார்டாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, அறிவியலை உள்ளிருந்து பார்த்து எழுத வந்தவர்கள். நாய் சரியாக மயக்கப்படவில்லை என்று அவர்களின் குறிப்பேடு சொன்னது. அதை மேடையில் சொன்ன ஸ்டீபன் கோல்ரிட்ஜ் மீது பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்து 2000 பவுண்டு இழப்பீடு பெற்றார். 1906இல் லண்டன் பேட்டர்ஸியில் அந்த நாய்க்குச் சிலை எழுந்தது. 1907இல் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துக் கலவரம் செய்தார்கள். பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களிலும் புகுந்து குழப்பம் விளைவித்தார்கள். நாய்க்கும் வாக்குரிமைக்கும் என்ன தொடர்பு? அந்த இளைஞர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 1910இல் சிலை அகற்றப்பட்டது. கோரல் லான்ஸ்பரி 1985இல் எழுதிய நூல் இந்தப் பிணைப்பை விரிவாக ஆராய்கிறது.

அதே காலத்துப் பெண் மருத்துவர்களோ இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். எலிசபெத் பிளாக்வெல் விலங்குச் சோதனையை எதிர்த்தார், எலிசபெத் காரெட் ஆண்டர்சன் ஆதரித்தார். 1976இல் மூளையின் சர்க்கரைச் செலவைப் படமாக்கும் கதிரியக்கச் சேர்மமான எஃப்டிஜியைப் புரூக்ஹேவனில் உருவாக்கிய வேதியியலாளர்களில் ஜோவன்னா ஃபவுலர் ஒருவர். நம் நாட்டில், விலங்குவதைத் தடுப்புக்கான மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் அறிவுக்கான சோதனைகளை அனுமதிக்கிறது. கூடவே, கவனமும் மனிதத்தன்மையும் வேண்டும், அறுவைச் சோதனைகளில் இயன்றவரை மயக்க மருந்து வேண்டும் என்று கண்காணிப்புக் குழுவுக்குக் கடமை விதிக்கிறது. பெண் என்றால் இரக்கம், ஆண் என்றால் கத்தி என்ற எளிய சமன்பாடு இந்தப் பெயர்களின் முன் நிற்காது. அந்தச் சமன்பாடே ஆணாதிக்கம் நமக்குத் தைத்துக் கொடுத்த சட்டை.

சேர்த்துக்கொண்டால் போதுமா

பெண் எலியையும் கூண்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? இது கசப்பான கேள்வி. சமத்துவம் என்ற பெயரில் பலியில் பங்கு கேட்பதா என்று கேட்கும் தோழிகளின் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இன்று சோதனை நடந்துகொண்டிருக்கிறது. அதன் பலன் ஓர் உடலுக்கும் அதன் கேடு இன்னோர் உடலுக்கும் போகுமாறு அமைப்பதுதான் நம் முன் உள்ள நடைமுறை. ரஸலும் பர்ச்சும் 1959இலேயே மாற்றுவழி காண்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைக் குறைப்பது என்று மூன்று கடமைகளைச் சொன்னார்கள். பாதி உலகுக்குப் பொருந்தாத முடிவுக்காக ஒரு விலங்கைக் கொல்வது அந்த மூன்றையும் மீறுவதாகும். அந்த எலியின் சாவும் வீண், அந்த மருந்தை நம்பிய பெண்ணின் காத்திருப்பும் வீண்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பெண் மூளையில் இரத்த ஓட்டம் வேறு என்றதும், அதனால் அவள் உணர்ச்சிவசப்படுபவள், கணக்கு வராதவள் என்று கதை கட்ட ஆள் வந்துவிடும். கோர்டெலியா ஃபைன் இதற்கு ‘நியூரோசெக்ஸிசம்’ என்று பெயரிட்டார். மூளைப் படத்தின் சிவப்பு, மூளையின் நிறம் இல்லை. எண்களுக்குக் கணிப்பொறி பூசிய சாயம். 100 கிராமுக்கு இத்தனை மி.லி. என்ற எண்ணிலிருந்து குணத்துக்குத் தாவ எந்தப் பாலமும் கிடையாது. நமக்குத் தேவை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் மருத்துவம். வேறுபாட்டைக் குற்றச்சாட்டாக்கும் உளவியலுக்கு இங்கே வேலை இல்லை.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். ‘மூளையில் கண்டுபிடித்தார்கள்’ என்று தொடங்கும் அடுத்த செய்தியைப் படிக்கும்போது வாக்கியத்தை நிறுத்துங்கள். யாருடைய மூளை? எந்த உயிர், என்ன வயது, எந்தப் பால்? விழித்திருந்ததா, மயக்கத்தில் இருந்ததா, கட்டப்பட்டிருந்ததா? எத்தனை உயிர்கள், பிறகு அவை என்னவாயின? செய்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் தெரிந்தால் போதும். பதில் செய்தியில் இல்லை என்றால், மூலக் கட்டுரையின் முறைகள் பகுதிக்குப் போய்த் தேடுங்கள். அங்கே ‘ஆண்’ என்ற ஒரு சொல் சிறிய எழுத்தில் இருக்கும். அதை எடுத்துத் தலைப்பில் சேர்த்து, தலைப்பை மறுபடி வாசியுங்கள். எவ்வளவு சிறியதாகிவிடுகிறது அந்தக் கண்டுபிடிப்பு! சிறியதானாலும் அது உண்மை. அந்த அளவுக்குத்தான் அது எப்போதும் உண்மையாக இருந்தது.